ராத்திரிப் படுக்கை நனைவது: கொங்கு நாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2 வயது முதல் 5 வயது வரை குழந்தை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பகலில் "ஒண்ணுக்கு வருது" என்று சொல்லப் பழகிய குழந்தை, ராத்திரி மட்டும் படுக்கையை நனைக்கும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று எங்கே போனாலும் அம்மாக்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட இவைதான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பகல் பழக்கம் நாம் சொல்லிக்கொடுத்து வருவது. ராத்திரிப் பழக்கம் பல் முளைப்பது மாதிரி, உடம்பு அதன் நேரத்துக்குக் கொண்டுவருவது. அதுவரை குழந்தை கூசிக் குறுகாமலும், வீட்டில் இருப்பவர்கள் தூக்கம் கெட்டு நொந்துபோகாமலும் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

எத்தனை வயதில் ஆரம்பிக்கலாம்?

பகல் பழக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்கு 2 வயதிலிருந்து 3 வயதுக்குள் வந்துவிடும். ராத்திரிப் படுக்கை காய்வது அதற்குச் சில மாதம் கழித்தும் வரலாம், 2 அல்லது 3 வருடம் கழித்தும் வரலாம். 3 வயதில் நனைப்பது சாதாரணம், 4 வயதிலும் சாதாரணம். 5 வயது ஆகும்வரை மருத்துவர்கள் இதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. 5 வயதிலும் 100 குழந்தைகளில் சுமார் 15 பேர் படுக்கையை நனைக்கிறார்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் தாமதமாகும். எல்.கே.ஜி. சேர்க்கப் போகிறோம் என்பதற்காக ராத்திரிப் பழக்கத்துக்கு அவசரப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் பகல் பழக்கம் போதும்.

பகலில் அவ்வளவு சமத்தாகச் சொல்கிறான். ராத்திரி மட்டும் ஏன்?

மூன்று காரியங்கள் ஒன்றாகச் சேர வேண்டும். ஒன்று, மூத்திரப்பை. அதன் கொள்ளளவுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: குழந்தையின் வயதோடு ஒன்று கூட்டி 30-ஆல் பெருக்கினால் மில்லி கணக்கு வரும். 3 வயதுக் குழந்தைக்கு 120 மில்லி. ஒரு டீ டம்ளர் அளவுதான். இரண்டாவது, நாம் தூங்கும்போது மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும். அதைக் கேட்டுத்தான் சிறுநீரகம் ராத்திரி மூத்திரத்தைக் குறைவாக உண்டாக்குகிறது. சில குழந்தைகளுக்கு இந்த ராத்திரிச் சுரப்பு சீராக வர வருடங்கள் ஆகும். அதுவரை பகலைப் போலவே ராத்திரியும் பை நிரம்பும்.

மூன்றாவது விழிப்பு. பை நிறைந்துவிட்டது என்ற சேதி மூளைக்குப் போய், அது தூக்கத்தைக் கலைக்க வேண்டும். சின்னக் குழந்தைகளின் தூக்கம் எவ்வளவு ஆழம் என்று சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் வீடுகளில் பார்க்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி தடதடவென்று ஓடும், இந்தப் பக்கம் சேலைத் தொட்டிலில் குழந்தை அசையாமல் தூங்கும். கரண்ட் போய் தறி நின்றால்தான் சிணுங்கும். அப்படித் தூங்குகிற வயதில் மூத்திரப்பை தரும் சின்ன உறுத்தலுக்கு எழுந்திருக்கவில்லை என்று கோபித்துக்கொள்வதில் நியாயமே இல்லை. குழந்தை வேண்டுமென்றே செய்வதில்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அது நடக்கும்போது குழந்தைக்குத் தெரியவே தெரியாது.

தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் டயப்பரைத் தொட்டுப் பாருங்கள். வாரத்தில் பாதி நாளுக்கு மேல் காய்ந்தோ, லேசான ஈரமாகவோ இருந்தால் நல்ல அறிகுறி. பகலில் 2 மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறதா, தானாகச் சொல்கிறதா, எப்போதாவது ராத்திரி விழித்து "ஒண்ணுக்கு" என்று கேட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். தினமும் காலையில் டயப்பர் கனத்துத் தொங்கினால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

டயப்பர் போடுவதால்தான் பழக்கம் வரவில்லை என்கிறார் மாமியார். கழற்றிவிட்டால் சீக்கிரம் வந்துவிடுமா?

அந்தக் காலத்தில் டயப்பர் இல்லை, பிள்ளைகள் சீக்கிரம் பழகின என்று பெரியவர்கள் சொல்வதில் பகலைப் பொறுத்தவரை உண்மை உண்டு. ஈரம் தெரிந்தால் குழந்தைக்குச் சீக்கிரம் புரியும். ராத்திரிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, தூங்கும் குழந்தைக்கு ஈரமே உறைப்பதில்லை. ராத்திரி மட்டும் டயப்பர் போடுவது தப்பில்லை. ஆனால் 4 வயது நெருங்கும் குழந்தைக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். டயப்பர் இருக்கிறது என்ற தைரியத்தில் விழித்தபின் அதிலேயே போகிற பிள்ளைகளும் உண்டு.

எப்போது கழற்றுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: சித்திரையில், பள்ளிக்கூடம் லீவு விட்டபிறகு. நம் பக்கத்து வெயிலுக்குத் துணி மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். வியர்த்துப் போவதால் மூத்திரமும் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்தால் துவைத்த துணி வீட்டுக்குள்ளேயே தொங்கி நாறும், அம்மாவுக்குப் பொறுமை போய்விடும். மார்கழிக் குளிரில் பெரியவர்களுக்கே ராத்திரி ரெண்டு தடவை வருகிறது, குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு வாரம், பத்து நாள் கழற்றிப் பாருங்கள். தினமும் நனைந்தால் சத்தமில்லாமல் மறுபடி மாட்டிவிட்டு, மூன்று நாலு மாதம் கழித்துப் பார்க்கலாம். "பாரு, உனக்கு வராது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நடுராத்திரி தூக்கிப்போய் ஒண்ணுக்கு விட்டால் பழகாதா?

படுக்கை காய்ந்திருக்கும், பழக்கம் வராது. தூக்கத்திலேயே தூக்கிப்போய் "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்து விட்டுக்கொண்டு வந்தால், தூங்கிக்கொண்டே மூத்திரம் போகத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. பனியன் கம்பெனியிலிருந்து ராத்திரி 10 மணிக்கு வீடு திரும்பும் அம்மா, தான் படுக்கப்போகும் முன் ஒருதடவை கூட்டிப்போவது அவர் தூக்கத்துக்காக. அதில் தப்பில்லை. அப்படிச் செய்வதானால் குழந்தையை நிஜமாகவே எழுப்பி, நடக்கவிட்டு, முகம் பார்த்துப் பேசிக் கூட்டிப்போங்கள். அலாரம் வைத்து ராத்திரிக்கு மூன்று தடவை எழுப்புவதை விட்டுவிடலாம். குழந்தையும் கெட்டு, மறுநாள் தறிக்கோ கம்பெனிக்கோ போகிறவர்களும் கெடுவார்கள்.

சாயங்காலத்துக்கு மேல் தண்ணி கொடுக்கக்கூடாது என்கிறார்களே?

தாகத்தோடு படுக்கவைப்பது வேண்டாத வேலை. குடிப்பதைப் பகலுக்கு நகர்த்துவதே சரி. பால்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துவிட்ட தண்ணிப் பாட்டில் பல நாள் அப்படியே திரும்பி வரும். பகலெல்லாம் குடிக்காத குழந்தை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிக்கும், ராத்திரி நனைக்கும். காலையிலும் மதியத்திலும் நன்றாகக் குடிக்க வைத்தால் ராத்திரித் தாகம் தானாகக் குறையும். படுக்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பெரிய டம்ளர் பால், ஜூஸ், தர்பூசணி இவற்றை நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு ரெண்டு வாய், தாகத்துக்கு ரெண்டு வாய் என்று தண்ணி கொடுக்கலாம்.

டீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு பேக்கரி. சாயங்காலமானால் பெரியவர்கள் டீ குடிக்கும்போது குழந்தைக்கும் அரை டம்ளர், அதில் தொட்டுத் தின்ன பன்னோ வர்க்கியோ. டீயிலும் காப்பியிலும் காஃபின் இருக்கிறது. அது மூத்திரத்தை அதிகமாக்கும், தூக்கத்தையும் கெடுக்கும். சின்னக் குழந்தைக்கு எந்த வேளையிலும் டீ வேண்டாம். கோலா பானங்களும் அப்படியே. ராத்திரி பால் குடித்தால்தான் தூங்குவேன் என்கிற குழந்தைக்கு அதை 7 மணிச் சாப்பாட்டோடு கொடுத்துவிட்டு, பல் விளக்கி, ஒண்ணுக்குப் போகவைத்து, கதை சொல்லி, மறுபடி ஒருதடவை போகவைத்துப் படுக்கவைக்கலாம். அரை மணி இடைவெளியில் ரெண்டு தடவை போவது பையை நன்றாகக் காலி செய்யும்.

மலச்சிக்கலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ரொம்பச் சம்பந்தம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மூத்திரப்பைக்குத் தொட்டுப் பின்னாலேயே மலக்குடல் இருக்கிறது. மலம் தேங்கிக் குடல் புடைத்தால் அது பையை அழுத்தும். பை முழுதாக நிரம்பவும் முடியாது, முழுதாகக் காலியாகவும் முடியாது. பகலில் அவசர அவசரமாக ஓடுவது, ஜட்டியில் சொட்டுவது, ராத்திரி நனைவது எல்லாம் இதனால் வரலாம். மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே படுக்கை காய்ந்துவிடுகிற குழந்தைகள் உண்டு.

"தினமும் போகிறானே" என்று இருந்துவிடாதீர்கள். போவது எப்படி என்று பாருங்கள். ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாகவா, பெரிய கட்டியாக வலியோடவா, ஜட்டியில் அடிக்கடி கறை படுகிறதா, வயிறு உப்பிக் கல் மாதிரி இருக்கிறதா? இதில் எது இருந்தாலும் மலச்சிக்கலாக இருக்கலாம்.

வீட்டில் மாடு கட்டியிருக்கும் குடும்பங்களில் பாலுக்குக் குறைவில்லை, அதுவே சில நேரம் தொந்தரவு. குழந்தை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்தால் வயிறு அதிலேயே நிறைந்து சோறு இறங்காது, மலமும் இறுகும். பாலைக் குறைத்து, நம் சமையலிலேயே இருக்கும் நார்ச்சத்தைக் கூட்டுங்கள். பச்சைப்பயறு கடைந்தது, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை போட்ட பருப்பு, கம்மஞ்சோறு, ராகிக் களி, கொய்யா, பப்பாளி. அரிசியும்பருப்பும் சாதம் செய்கிற அன்றைக்குக் கூடவே ஒரு பொரியலும் வையுங்கள். பப்ஸும் பரோட்டாவும் பிஸ்கட்டும் எப்போதாவது போதும்.

காலைச் சாப்பாடு முடிந்து 20, 30 நிமிடத்துக்குள் 5 நிமிடம் உட்காரவையுங்கள். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. பெரியவர்களுக்கான வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது. காலடியில் ஒரு மனைப்பலகை போடுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். மலத்தை இளக்கும் மருந்து கொடுப்பார். "பழகிவிடும்" என்று அதைப் பாதியில் நிறுத்தாமல் அவர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். விளக்கெண்ணெய் ஊற்றுவதும் சோப்புத் துண்டு வைப்பதும் கூடாது.

தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். பாத்ரூம் வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில். ராத்திரி எப்படிக் கூட்டிப்போவது?

கூட்டிப்போக வேண்டாம். இருட்டில் வாசல் தாண்டி, கட்டுத்தரையைச் சுற்றி, நாய் குரைக்க நடப்பது என்றால் விழித்த குழந்தையும் போர்வைக்குள்ளேயே அடக்கிக்கொண்டு படுத்திருக்கும், அப்புறம் அங்கேயே விட்டுவிடும். பூச்சி பொட்டு பயமும் உண்டு. படுக்கிற அறையிலேயே மூலையில் குழந்தைகளுக்கான மூடி போட்ட டாய்லெட் பாத்திரமோ அகலமான பிளாஸ்டிக் பேசினோ வைத்து, அடியில் ஒரு சாக்கு விரித்துவிடுங்கள். பக்கத்தில் சின்ன ராத்திரி விளக்கு எரியட்டும். கரண்ட் நிலையில்லாத இடம் என்றால் குழந்தை கைக்கு எட்டும்படி ஒரு டார்ச். பகலில் ரெண்டு மூன்று தடவை படுக்கையிலிருந்து எழுந்து போய் உட்கார்ந்து வருவதை விளையாட்டாகப் பழக்குங்கள், இருட்டிலும் கால் தானாகப் போகும். உடுப்பும் லேசாக இருக்கட்டும். இறுக்கமான பட்டனும் நாடாவும் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த பருத்தி டிரவுசர் போதும். திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் பருத்தி ஜட்டியும் டிரவுசரும் மலிவாகக் கிடைக்கும், பத்துப் பன்னிரண்டாக வாங்கி வைத்துக்கொண்டால் நிம்மதி.

மெத்தையை எப்படிக் காப்பாற்றுவது?

இலவம்பஞ்சு மெத்தையைத் துவைக்க முடியாது, நனைந்தால் உள்ளே கட்டி கட்டும். அதனால் படுக்கையை ரெண்டு அடுக்காகப் போடுங்கள். மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய வேட்டியோ பருத்திச் சேலையோ நாலாக மடித்து. அதற்கும் மேலே இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு துணி. ராத்திரி 2 மணிக்கு நனைந்தால் மேல் அடுக்கை அப்படியே உருவி எடுத்துக் கதவோரம் போட்டுவிட்டு, குழந்தைக்கு டிரவுசர் மாற்றி அதே இடத்தில் படுக்கவைக்கலாம். லைட் போட வேண்டியதில்லை, பீரோ திறந்து துணி தேட வேண்டியதில்லை, வீடே எழுந்திருக்க வேண்டியதில்லை. ரப்பர் ஷீட் குழந்தையின் தோலில் நேராகப் படக்கூடாது, வியர்த்துக் கொப்புளம் வரும்.

பவானி ஜமுக்காளத்தைக் குழந்தைக்கு அடியில் விரிக்காதீர்கள். கனமான துணி, நனைந்தால் துவைக்கவும் காய வைக்கவும் படாத பாடு. சென்னிமலைப் போர்வை போர்த்த நன்றாக இருக்கும், ரெண்டு இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

நனைந்த துணியை முதலில் பச்சைத் தண்ணியில் அலசிவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள். போர் தண்ணி உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு நுரைக்காது, நாற்றம் தங்கும். ஒரு பக்கெட்டுக்கு ரெண்டு கரண்டி ஆப்ப சோடா கலந்து அரை மணி ஊறவைத்தால் போய்விடும். காலையில் குழந்தையின் இடுப்புக்குக் கீழே வெறும் தண்ணியில் கழுவித் துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள். அந்த வாடையோடு போனால் மற்ற பிள்ளைகள் சொல்லிக்காட்டுவார்கள், அது குழந்தைக்குப் பெரிய வெசனம்.

அப்பத்தா எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். எப்படிச் சொல்வது?

பெரியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, வெட்கப்பட்டால் நிறுத்திவிடும் என்று நம்புகிறார்கள். உண்மையில் பயந்த குழந்தை அதிகமாக நனைக்கும், விழித்தாலும் சொல்லாமல் மறைக்கும். குழந்தை இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்: "அத்தை, இது வேணும்னு செய்யறதில்லைங்களாமா. தூக்கத்துல அதுக்கே தெரியாதாமா. திட்டினா இன்னும் ஜாஸ்தியாகும்னு டாக்டர் சொன்னாருங்க." கூடவே ஒன்று கேளுங்கள்: "இவங்கப்பா எத்தனை வயசு வரைக்கும் நனைச்சாருங்க?" பல வீடுகளில் இந்தக் கேள்வியோடு திட்டு நின்றுவிடும். ஏனென்றால் இது குடும்பத்தில் வருவது. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் குழந்தைக்கு வர 100-க்கு 40-க்கு மேல் வாய்ப்பு, இருவருக்கும் இருந்திருந்தால் 70-க்கு மேல்.

அடிப்பது, ஈரத் துணியைக் குழந்தை தலையில் போடுவது, சூடு வைப்பேன் என்று மிரட்டுவது, தம்பி தங்கச்சியோடு ஒப்பிடுவது, இவை எதையும் யார் செய்தாலும் தடுத்தே ஆக வேண்டும். பெரியவர்கள் மனம் நோகுமே என்று இதில் மட்டும் பேசாமல் இருந்துவிடாதீர்கள். குழந்தையிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: "பரவால்ல சாமி, தூக்கத்துல வந்துருச்சு. வா, டவுசர் மாத்திக்கலாம்."

காய்ந்த ராத்திரிக்குப் பரிசு கொடுக்கலாமா?

வேண்டாம். குழந்தையின் கையில் இல்லாத காரியத்துக்குப் பரிசு வைத்தால், கிடைக்காத நாளில் அதுவே தண்டனையாகிவிடும். படுக்குமுன் தானாகப் போய்வந்தாய், காலையில் நனைந்த துணியைப் பக்கெட்டில் போட்டாய் என்று குழந்தையால் முடிந்ததைப் பாராட்டுங்கள்.

அப்புச்சி வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ போனால்?

டயப்பர் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு ராத்திரிப் பயணத்தால் பழக்கம் கெட்டுவிடாது. மண்டபத்தில் பாய் விரித்துப் பத்துப் பேர் வரிசையாகப் படுக்கும் இடத்தில் குழந்தை நனைத்துவிட்டு அவமானப்படுவதைவிட இது எவ்வளவோ மேல். அம்மிச்சியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மாதக்கணக்கில் காய்ந்திருந்தது. இப்போது மறுபடி நனைக்கிறதே?

6 மாதத்துக்கு மேல் காய்ந்திருந்துவிட்டுத் திரும்ப வந்தால் காரணம் தேட வேண்டும். தம்பிப் பாப்பா பிறந்தது, புதுப் பள்ளிக்கூடம், வீடு மாறியது, வீட்டில் சண்டை என்று மனசு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். குழந்தையை யாராவது தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார்களா என்பதையும் பதறாமல், மென்மையாகக் கேட்டுப் பாருங்கள். உடம்பு காரணங்களில் மலச்சிக்கலும் மூத்திரத் தொற்றும் சாதாரணமாக வருபவை.

இன்னொன்று அபூர்வம், ஆனால் தாமதிக்கவே கூடாதது. குழந்தை அடங்காத தாகத்தோடு தண்ணி குடிக்கிறது, பகலிலும் அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறது, சில வாரங்களில் இளைத்துவிட்டது, சோர்ந்து கிடக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போய் ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் இப்படித்தான் தொடங்கும். விரலில் ஒரு துளி ரத்தம், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, மயக்கம் சேர்ந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேறு எப்போதெல்லாம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மூத்திரம் போகும்போது எரிச்சல் அல்லது வலி, காய்ச்சல், மூத்திரத்தில் ரத்தம், சொட்டுச் சொட்டாகப் போவது, பகலில் எந்நேரமும் ஜட்டி ஈரமாக இருப்பது, காலில் பலவீனம், முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது. இவற்றுக்கு வயதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. குறட்டை விட்டு, வாயால் மூச்சு விட்டுத் தூங்கும் குழந்தையையும் காட்டுங்கள். அடினாய்டு சதை பெருத்துத் தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் படுக்கை நனைய ஒரு காரணம்.

எள்ளுருண்டை, தாயத்து, மந்திரிப்பது?

எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், கொடுங்கள். அதனால் நனைப்பது நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டி வருவதால் கெடுதல் இல்லை. பேர் தெரியாத சூரணத்தைக் கொடுப்பதும், அடிவயிற்றில் சூடு போடுவதும் கெடுதல். எதைச் செய்தாலும் சில குழந்தைகள் அந்தந்த மாதத்தில் தானாக நிறுத்தத்தான் செய்வார்கள், பேர் வைத்தியத்துக்குப் போய்விடும்.

5 வயது தாண்டியும் நிற்கவில்லை என்றால்?

மருத்துவரிடம் ஒருமுறை காட்டி மூத்திரப் பரிசோதனை செய்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் காத்திருக்கலாம். ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் இந்தக் குழந்தைகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தானாக நின்றுவிடும். 6, 7 வயதில் குழந்தைக்கே அது பாரமாக இருந்தால் ரெண்டு வழிகள் உண்டு. ஒன்று ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம். ஜட்டியில் மாட்டுவது. முதல் வாரங்களில் அலாரம் கேட்டு அப்பாவோ அம்மாவோதான் எழுந்து குழந்தையை எழுப்ப வேண்டும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பலிக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் மாறி மாறிப் போகும் வீட்டில் இது கஷ்டம், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று டெஸ்மோபிரெசின் மாத்திரை. வாசோபிரெசின் செய்கிற வேலையை இது செய்யும். பள்ளிச் சுற்றுலா, காவடிப் பயணம் மாதிரி சில ராத்திரிகளுக்கும் மருத்துவர் இதை எழுதித் தருவதுண்டு. போட்டபின் காலைவரை நிறையத் தண்ணி குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம். அதனால் மருந்துக்கடையில் சொந்தமாகக் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது.